அப்பா தூங்குகிறார் என்று சாத்திய கதவு

எங்கள் வீட்டில் அப்பா பகலில் படுத்திருந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டோம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நைட் பார்த்து வந்தவர் தூங்கட்டும் என்று கதவைச் சாத்துவோம், டிவியை அணைப்போம். மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவே அப்படித்தான். பந்து விளையாடும் பிள்ளைகளை விரட்டுவது என் வேலை.

போன மழைக்காலத்தில் நைட் வாரம் முடிந்து அவருக்குக் காலை ஷிப்ட் வந்தது. அப்போதும் வந்ததும் படுத்தார். லீவு நாளிலும் படுத்தார். பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தோம், ஒரு மாதம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், எம்.எஸ்சி. முடித்தவள். தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் மாலை டீ கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

“தூங்கலயாப்பா?”

“தூங்கி எத்தினி நாளாச்சி பாப்பா.”

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் அம்மா பாய்ந்தாள். “சுரங்கத்துக்குள்ள போற கேட் பாஸ் புதுப்பிக்கிற நேரத்துல பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? சூப்பர்வைசர் காதுக்குப் போனா அவ்ளோதான். ஷிப்ட் அசதிடி அது. படிச்சிட்டா எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிடுவியா?”

நான்கு நாள் சண்டை. கடைசியில் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க பண்ருட்டிக்குப் பஸ் ஏறினோம். சாவு நினைப்பு வருகிறதா என்று மருத்துவர் நேராகவே கேட்டார்.

“தெனமும் வருதுங்க,” என்றார் அப்பா, ஷிப்ட் நேரம் சொல்வதுபோல.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அசதின்னா ரெஸ்ட் எடுத்தா போயிடும்மா,” என்றார் மருத்துவர். “ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, சாப்பாடில்ல, எதுலயும் ஆசையில்லன்னா அது நோய். சாவு நெனப்பு வந்தா ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. இப்போதைக்கு இவர தனியா விடாதீங்க.”

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றும் சொல்லியிருந்தார். பத்தாம் நாளே அம்மா, “அப்படியேதான இருக்காரு,” என்று மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியைப் பிடுங்கித்தான் எடுத்தேன்.

அறைக் கதவை இப்போது சாத்துவதில்லை. அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் அப்பா எரிந்து விழுந்தார். “இன்னாடி, நொடிக்கொருதரம் வந்து மூஞ்சியப் பாத்துகினு? பசிக்குது, சோத்தப் போடு.”

அம்மா ஓடிப்போய்ப் போட்டாள். அவரும் தட்டைக் காலி செய்தார். ஆனாலும் அம்மாவின் சர்க்கரை நோய் மாத்திரை டிவி பக்கத்தில் எல்லோரும் பார்க்க இருக்கிறது. அப்பாவுடையதை அவள் இன்னும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் வைக்கிறாள். தினமும் காலையில் நான் அதை எடுத்து டிவி பக்கத்தில் வைக்கிறேன். சாயங்காலத்துக்குள் அது திரும்பிப் போய்விடுகிறது.