கோலமாவில் போட்ட எட்டு

அம்மாவின் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். லிஸ்ட் என்னிடம் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது.

அம்மா பிறந்தது நீலசந்திராவில். பதினெட்டு வயதில் கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்தார். கார்மென்ட்ஸில் தைத்துத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. முப்பத்தெட்டு வயதில் தனக்கென்று ஒன்றே ஒன்றுக்கு ஆசைப்பட்டார்: ஸ்கூட்டர் லைசென்ஸ். அதற்குக் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். கோலமாவால் பெரிதாக ஒரு எட்டு வரைவார். அதன்மேல் ஓட்டுவார், விழுவார், எழுந்து, அழிந்த கோட்டை மறுபடி போடுவார். தூக்கக் கலக்கத்தோடு நான் பின்னால் ஓட வேண்டும். வண்டியில் கீறல் விழுந்தால் கத்துவேன்.

டெஸ்டுக்கு ஏழு முறை போனார். ஏழு முறையும் கால் தரையில் பட்டுவிட்டது. "காலு இட்டுபிட்ரல்லம்மா, மத்தே பன்னி" என்று, கால் ஊன்றிவிட்டீர்களே, மறுபடி வாருங்கள் என்று, இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார். வீட்டில் அந்த மரியாதைகூட இல்லை.

"நீ ஒரு எட்டு போடறதுக்குள்ள எட்டு புள்ள பெத்திருக்கலாம்" என்றார் அப்பா.

"அக்கா, மாவு மிச்சமிருந்தா வீட்டு வாசலுக்கும் கொஞ்சம் போடேன்" என்றார் அம்மாவின் தம்பி, என் மாமா.

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அடுத்த ஞாயிறு கிளம்பிவிடுவார்.

"இன்னிக்கு ரெண்டாவது வளைவு வரைக்கும் கால் ஊனலடி."

"பாஸானாத்தானேம்மா கணக்கு?"

"பாஸு ஒரே நாளுடி. இது வாராவாரம் வருது."

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் ஒரு புரோக்கரைப் பிடித்தேன். எல்.எல்.ஆர். புதுப்பிக்கணும் என்று அம்மாவிடம் பொய் சொல்லிப் போட்டோவும் கையெழுத்தும் வாங்கினேன். நாற்பதாவது பிறந்தநாளில், கேக் வெட்டிய கையோடு, உங்கள் எல்லோர் முன்னாலும் லைசென்ஸை நீட்டினேன். கைதட்டினீர்கள்.

அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் எப்போடி எட்டு போட்டேன்?"

"போட்டா என்ன, போடாட்டி என்ன? கார்டு வந்துச்சுல்ல" என்று பெரியம்மா அவர் வாயில் கேக்கைத் திணித்தார்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வழக்கம்போல எனக்கு விழிப்பு வந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"போகலயாம்மா?"

"எதுக்குடி? அதான் பாஸாயிட்டேனே."

அதன்பிறகு அம்மா அந்த வண்டியைத் தொடவே இல்லை. கீறல் விழாத வண்டியில் நான் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தேன்.

இரண்டு வருடத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அடையாள அட்டை கேட்டார்கள். லைசென்ஸைக் கொடுத்தேன்.

"பரவால்லயே, வண்டி ஓட்டுவீங்களா ஆன்ட்டி?" என்றார் நர்ஸ்.

"இல்லம்மா. கார்டு மட்டும்தான்."

சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மாதம்தான் இருந்தார்.

ரத்தம் கொடுத்த என் காலேஜ் நண்பர்களுக்கு நன்றி. டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை ஆட்டோவில் கூட்டிப்போன மாமாவுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கும் நன்றி. உங்கள் சிரிப்பால் அம்மாவை ஒரு ஞாயிறுகூட வீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. உட்கார வைத்தது என் பரிசு. அதற்குக் கைதட்டியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் லைசென்ஸ் இன்னும் ஏழு வருடம் செல்லும்.