காலை எட்டா, மாலை ஐந்தா

இன்று என் வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை. காலை எட்டு மணிக்கு அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த என் மகனை, காரணம்கூடச் சொல்லாமல் போலீஸ் கூட்டிப்போனது.

பகல் முழுக்க ஸ்டேஷன் வாசலில் நின்றேன். சாயங்காலம் ஏட்டு ஒரு தாளை நீட்டினார்.

"கையெழுத்து போடும்மா. புள்ளைய அரெஸ்ட் பண்ணத உனக்கு சொல்லிட்டோம்னு எழுதியிருக்கு."

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நேரம் மாலை ஐந்து என்று இருந்தது.

"காலையில எட்டுக்கே இட்டுகினு வந்தீங்களே சார்?"

"நீ இன்னா வக்கீலா?"

"கல்லறையில ஊரே பாத்துச்சு சார். பூசை வெச்ச சாமியாரும் பாத்தாரு."

பிடித்த நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டுமாம். அரியூரில் இருக்கும் என் தங்கச்சி போனில் சொன்னாள். அதனால் கையெழுத்துப் போடவில்லை.

இன்னும் வாசலில்தான் இருக்கிறேன். என் பிள்ளையின் ஒன்பது மணி நேரத்தை எங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.