ஜன்னல் கம்பியில் கட்டிய போனுக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

மறுநாள் குவைத்துக்கு வேலைக்குப் போகவிருந்த மாலதி, தன் அம்மாவுடன் நான் வேலை பார்க்கும் போன் கடைக்கு வந்தாள். பதுளை பஜாரில் அப்போதுதான் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தாயும் மகளும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த சைகை அல்ல, வீட்டிலேயே உண்டானது.

"வீடியோ கால்ல அம்மாவுக்கு என் வெரலு தெளிவாத் தெரியணும் தங்கச்சி. தெரியலன்னா, நான் திரும்பி வர்ற வரைக்கும் நாங்க பேசிக்கவே முடியாது" என்றாள் மாலதி.

எனக்குப் பிடித்த விஷயமே திரைதான். கடையில் இருந்ததிலேயே பிபிஐ கூடிய போனை எடுத்தேன். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதுதான் பிபிஐ. அம்மா அதை மூக்கருகே பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். கடை முதலாளி பில் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

மாலதி கையசைத்து ஏதோ கேட்டாள். பதில் சொல்ல அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு இவரால் பேச முடியாது என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது.

"வீட்டுல போனை எங்க வைப்பீங்க அக்கா?"

"ஜன்னல் கம்பியில கட்டிருவோம். எங்க லயத்துல அங்க மட்டுந்தான் சிக்னல்."

"அம்மா எங்க இருப்பாங்க?"

"எதுத்தாப்புல கட்டில்ல உக்காருவாங்க. கிட்ட வந்தா மொகம் மட்டுந்தான் தெரியும், கை படத்துக்குள்ள வராதே."

ஓரடி தூரத்தில் முந்நூறு பிபிஐ இருந்தால் சாதாரணக் கண்ணுக்குப் புள்ளி தனியாகத் தெரியாது. தூரம் இரட்டித்தால் அதில் பாதியே போதும். கட்டிலில் இருந்து பார்க்கும்போது அந்த விலையுயர்ந்த கூர்மையில் பெரும்பகுதி வீண். விரல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் அங்கே கணக்கு. புள்ளி குறைவென்றாலும் திரை பெரிதான, சிம் போடக்கூடிய டேப்லெட் ஒன்றை அலுமாரியிலிருந்து இறக்கினேன்.

"புள்ளி புள்ளியாத் தெரியுதுன்னு அத வாற ஆளுக்குக் காட்டவே மாட்டியே" என்றார் முதலாளி.

"கிட்ட பாத்தாத்தாண்ணே தெரியும்."

"அப்ப தூரத்துல வச்சே வித்திருக்கலாமே, இவ்வளவு நாளா."

போனையும் டேப்பையும் மேசையில் சாய்த்து வைத்தோம். அம்மாவைக் கட்டில் தூரத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். மாலதி என் போனோடு ரோட்டைக் கடந்து பேக்கரி வாசலுக்குப் போனாள். முதலில் போனுக்கு வீடியோ கால் எடுத்தாள். அம்மா கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கினார். எழுந்து கிட்டே வரவும் பார்த்தார். பிறகு டேப்புக்கு எடுத்தாள். ஸ்டூலில் இருந்தபடியே அம்மாவின் கைகள் வேகவேகமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தன. ஏதோ திட்டுகிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

மாலதி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"மோதிர வெரல்ல நகத்தைக் கடிச்சு வச்சிருக்கியான்னு ஏச்சு. குவைத் போனாலும் தப்பிக்க ஏலாது போல."

டேப்தான் விற்பனையானது. திரையின் கூர்மை பெட்டியில் அச்சாகியிருக்கும். அந்தத் திரையைப் பார்க்கப்போகும் தூரம் வாங்குபவரின் வீட்டில் இருக்கிறது. போன் விற்கும் வேலைக்கு வருபவர்கள் முதலில் அந்தத் தூரத்தைத்தான் கேட்க வேண்டும்.