கூட வருகிறேன் என்று சொன்னது நான்தான்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கஸ்தூர்பா நகர் ஸ்டேஷனில் இறங்கிப் படியில் வந்துகொண்டிருந்தபோது ஷாஹினாவின் அண்ணன் இம்ரான் கூப்பிட்டார். "ஷாஹி மௌத்தாயிட்டாம்மா" என்றார். டெங்குக் காய்ச்சல், ஐந்து நாள் ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் பார்க்கப் போனபோது, "நம்ம ஊரு கொசுவுக்கு என்னை ஞாபகம் இருக்குடி" என்று சிரித்தவள். வயது முப்பத்தொன்று. அன்று மாலையே அடக்கம். அவளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள், பெண்கள் நாங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம்.

அடையாறில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் ஆறு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அங்கே நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். தனியாளாக ஆஸ்திரேலியா போய், ஒரு வருடம் தோட்ட வேலை பார்த்து, ஊர் சுற்றிவிட்டு வந்த துணிச்சல்காரி என்றார்கள். தனிமையை நேசித்தவள் என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவளோடு ஒருநாள் டீ குடித்தவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார். ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முப்பது வயதைத் தாண்டாதவர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் தங்கி, கிடைத்த வேலையைச் செய்துகொண்டே ஊர் சுற்ற ஒரு விசா இருக்கிறது. நிறையப் பேர் கேட்பதால் குலுக்கலில்தான் பெயர் எடுப்பார்கள். "பேர் குடுப்போமா? நீ வந்தாதான் நான் போவேன். தனியால்லாம் என்னால முடியாது மச்சி" என்றாள். "வர்றேன்டி" என்றேன். நம் பெயரெல்லாம் எங்கே வரப்போகிறது என்ற தைரியம்தான். இரண்டு பெயரும் வந்துவிட்டன.

அவள் வீட்டில் மூன்று மாதம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். நானும் கூடப் போகிறேன் என்பதுதான் அவள் கையில் இருந்த ஒரே நியாயம். தி.நகரில் ஒரே மாதிரி இரண்டு முதுகுப்பை வாங்கி, பச்சையை எனக்குக் கொடுத்தாள். டிக்கெட் எடுக்கும் வாரத்தில், அம்மாவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று சொல்லிப் பின்வாங்கினேன். டாக்டர் சொன்னது தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்பது மட்டும்தான். எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை. "சரி, அம்மாவைப் பாத்துக்கோ. இவ்ளோ சண்டை போட்டுட்டு இப்ப போகலைன்னா இனிமே வீட்ல வாயே திறக்க முடியாது" என்றாள்.

குயின்ஸ்லாந்தில் ஒரு ஸ்ட்ராபெர்ரித் தோட்டம். நாள் முழுக்கக் குனிந்து பழம் பறிக்க வேண்டும். முதல் வாரம் படுத்தால் புரள முடியவில்லை என்றாள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் அவரவர் மொழிக்காரர்களோடு கூட்டம் சேர்ந்துகொள்ள, இவளுக்கு ஆள் இல்லை. "வேலை, தூக்கம், பஸ்ஸு எல்லாம் சமாளிச்சுப்பேன். சாப்புடறப்ப மட்டும் எதிர்ல யாராச்சும் வேணும்டி" என்பாள். எனக்குப் பகல் ஒன்றரை ஆகும்போது அங்கே மாலை ஆறு. நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அவள் வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவாள். ஒரு வருடம் இப்படித்தான் சாப்பிட்டோம்.

ஒரு வாரக் கடைசியில் பாலைவனப் பக்கம் தனியாக பஸ் ஏறிப் போனாள். அங்கே சிக்னல் இல்லை, கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அலுவலகத் தோழிகளோடு ஓட்டலுக்குப் போய் ஆசைதீரச் சாப்பிட்டேன். அடுத்த நாள் அவள் சொன்னாள்: "வானம் அப்டி கீதுடி, இன்னா சொல்றது! பக்கத்துல திரும்பி, 'பாரேன்'னு சொல்ல ஆளில்ல. சோத்தை அப்டியே மூடி வெச்சுட்டுப் படுத்துட்டேன்."

இன்னொரு நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் வேளச்சேரி வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்த சமயம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் அம்மா ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கினார். ஷாஹினாவின் கை அப்படியே நின்றது. நான் குனிந்துகொண்டேன். "இன்னைக்கு ரசமா வெச்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆன்ட்டி கேட்டார்: "உங்க அம்மாக்கு முட்டி எப்டிம்மா இருக்கு? கூட வரேன்னுட்டு வரலியேன்னு நான் உன்னைத் திட்டுனப்பல்லாம் ஷாஹி உனக்குத்தான் பரிஞ்சு பேசுவா. 'பாவம் அம்மீ, அவங்கம்மாக்கு ஆபரேஷன், அவ இன்னா பண்ணுவா, துஆ செய்ங்க'ன்னு வெள்ளிக்கிழமைதோறும் போன்ல சொல்வா. ஊருக்கு வந்தப்புறமும் அதான் சொன்னா. இன்னிக்கும் தொழுகையில உங்கம்மாக்காகக் கேட்டிருக்கேன்மா."

"நல்லா இருக்காங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மந்தைவெளி ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே நடந்தேன்.

ஷாஹினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தெரிந்தே அவள் எனக்காகக் காப்பாற்றிய அந்தப் பொய். அதை வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவள் துணை கேட்டாள், வருகிறேன் என்று சொன்னவள் போகவில்லை, அதனால் தனியாகப் போனாள். ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வராது. இம்ரான் அண்ணன் இதை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். என் அம்மாவுக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை, ஆன்ட்டி.