மீசை வைத்த விண்ணப்பம்

ஏழு நிமிடம் எடுத்துத் திறந்த கணினியைப் பத்தொன்பது நொடியில் திறக்க வைத்தவன் நான். இதை நான் சொல்லாமல் விட்ட ஆள் தென்காசியில் கிடையாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்குச் செங்கோட்டை வரை கேட்டுக்கொண்டே போனவர்கள் உண்டு.

கணினி என்னுடையது அல்ல. குற்றாலம் சாலையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கும் அக்காவுடையது. அரதப் பழசு. மின்விசிறி மட்டும் ரைஸ் மில் போலச் சத்தம் போடும். காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டு அக்கா டீ குடித்து, ஒரு முழம் பூவும் கட்டி முடித்த பிறகுதான் திரை வெளுக்கும். புதிது வாங்காதீர்கள், இதையே ஓட வைக்கிறேன் என்று சவால் விட்டேன். லினக்ஸை எடுத்து, வேண்டாதது என்று எனக்குப் பட்டதையெல்லாம் கழித்து, இலேசான ஓர் இயங்குதளத்தைக் கட்டினேன். அலங்காரம் போனது, சத்தம் போனது. கோப்பைத் திறக்காமலே அதன் படத்தைச் சிறிதாகக் காட்டும் வசதியும் போனது. பெயர் இருக்கும்போது படம் எதற்கு என்பது என் கட்சி.

அதில் போட்ட முதல் விண்ணப்பம் என் தங்கையுடையது. போலீஸ் வேலைக்கு. வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அன்றுதான் கடைசி நாளும். இரண்டு வருஷமாகத் தினமும் மைதானத்தில் ஓடியவள், கையைப் பிசைந்துகொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். நான் மளமளவென்று நிரப்பி முடித்தேன்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அனுப்பும் முன் விண்ணப்பத்தை அச்செடுத்து, வரிசையில் அடுத்து நிற்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவரவர் தப்பு அவரவர் கண்ணுக்குத் தெரியாதாம்.

"பத்தொன்பது செகண்ட்ல தெறக்க சிஸ்டத்த வச்சுக்கிட்டு பேப்பர் எடுக்கச் சொல்லுதீங்களேக்கா!" என்று சிரித்தேன்.

"சிஸ்டம் ஒன்னோடது, கடை என்னோடது. எடுலே," என்றார்.

அடுத்து நின்றவர் சுரண்டையிலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர். ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் வாசனையும் ஈரத்துண்டுமாக ரயில் டிக்கெட் அச்செடுக்க வந்தவர். பெயர், பிறந்த தேதி என்று சத்தமாக வாசித்து வந்தவர், படத்தைக் கண்டதும் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்குத்தான போடுதாங்க? இங்கன மீசை இருக்கே?"

அது என் மீசை. முந்தின நாள் ஸ்கேனரைச் சோதிக்க என் படத்தை ஏற்றி 'போட்டோ ஒன்று' என்று வைத்திருந்தேன். அவளுடையது 'போட்டோ இரண்டு'. அவசரத்தில் ஒன்றை அமுக்கிவிட்டேன். நிரப்பிய பக்கத்தின் தலையிலேயே என் முகம் இருந்திருக்கிறது. நான்தான் வேகத்தைக் காட்டும் ஜோரில் அதைப் பார்க்காமல் கீழே உருட்டிக்கொண்டு போய்விட்டேன். கடையே சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை, அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இன்னும் ஒரு முறை விரலால் அமுக்கி அனுப்பியிருந்தால் அவள் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

படத்தை மாற்றி, மறுபடி அச்செடுத்து, அண்ணாச்சியே மறுபடி வாசித்த பிறகு அனுப்பினோம். அன்றே படம் காட்டும் வசதியைத் திரும்ப வைத்தேன். மூன்று நொடி கூடிவிட்டது.

தங்கை இப்போது காக்கிச்சட்டை போடுகிறாள். வீட்டுச் சுவரில் தன் சீருடைப் படத்துக்குப் பக்கத்தில் அந்த முதல் தாளையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பெயர் அவளுடையது, மீசை என்னுடையது. வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் பத்தொன்பது நொடிக் கதையை ஆரம்பித்தால் போதும். அவள் எழுந்து போய் அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி அவர்கள் கையில் கொடுப்பாள்.