பித்தளையில் ஒரு பெயர்

அமெரிக்காவில், பிளானோ நகர வீட்டில், என் பேத்தி பித்தளைக் கதவுக் குமிழைப் பாலிஷ் போட்டுத் துடைக்கிறாள். அந்தப் பாலிஷ் மணத்தில் யாழ்ப்பாணத்து வீட்டின் பித்தளைப் பெயர்ப்பலகை நினைவுக்குத் திரும்பி வந்தது: தோர்ன்த்வெயிட்.

என் தாத்தாவின் படிப்புக்கு உதவிய வெள்ளைக்காரரின் பெயர் அது. மிஷன் பள்ளி தாத்தாவின் கந்தையா என்ற பெயரை எடுத்துவிட்டு அதை வைத்தது. அப்பா ஞாயிறுதோறும் பலகையை மினுக்கி, நமக்கு வெள்ளைக்கார இரத்தம் என்று ஊருக்குச் சொன்னார்.

ஒருநாள், பல வருடம் பிரிந்திருந்த தாத்தாவின் தம்பி வந்து வாசற் படலையில் நின்றார்.

“கந்தையா அண்ணையின்ர வீடு இதுவோ, தம்பி?”

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை,” என்றேன், அப்பா பழக்கியபடி. அவர் போய்விட்டார். உள்ளே நோயில் கிடந்த தாத்தாவுக்கு எல்லாம் கேட்டது.

அப்பாமேல் இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. என்மேல் அதைவிட.

“தாத்தா, வாட் டஸ் அவர் நேம் மீன்?” என்று எங்கள் பெயரின் பொருளைக் கேட்கிறாள் பேத்தி.

“முள்ளுக்காடு வெட்டின நிலமாம். அது ஆரோ ஒருத்தற்ர நிலம், பிள்ளை. எங்கட பேர் கந்தையா.”