பெரியம்மாவின் பட்டினி நாள்

கறி வெட்டும் மேசைமேல் செல்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கூண்டக்காவின் கையெல்லாம் ரத்தம்.

"தம்பி, அதை எடுத்து ஸ்பீக்கர்ல போடு. யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம்.

அவருடைய வீட்டுக்காரர்தான்.

"ஏம்மா, இன்னிக்கு ஒரே ஒரு துண்டு போடேன். சின்னதா. கேமரா முன்னாடி."

"இன்னிக்குத் திங்கட்கிழமை. போட மாட்டேன்."

"மத்தியானத்துக்குள்ள அது சாப்பிடலன்னா விலை விழுந்துடும்னு குரூப்ல சொல்றாங்க."

"விழட்டும். விழுந்து எந்திரிக்கட்டும். போனை வைங்க."

விலங்குக் காட்சிச்சாலையில் கழுதைப்புலிக் கூண்டைப் பார்த்துக்கொள்கிறவர், அதனால் எல்லாருக்கும் கூண்டக்கா. என்னைப் போலவே அவரும் தம் வீட்டின் முதல் பட்டதாரி. விலங்கியல் பட்டத்துக்குச் சட்டம் போட்டு, கறி அறையில் கத்திகளுக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறார். 'இதுக்கா இவ்வளவு படிச்சே?' என்று கேட்கும் உறவினர்களை அந்த அறைக்கே கூட்டிவந்து நிறுத்துவாராம். வீச்சம் தாங்காமல் அடுத்த கேள்வி எழாது. எனக்கும் அப்படி ஓர் அறை தேவைதான். வணிகவியலில் கல்லூரி முதல் மாணவன் நான். கிரிப்டோ நாணயங்களைப் பற்றிச் செய்தி எழுதுகிறேன். அப்பாவோ, 'பையன் காசு அடிக்கிற ஆபீஸ்ல இருக்கான்' என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

தொல்லை தொடங்கியது 'ஹிஹி காயின்' என்ற டிஜிட்டல் நாணயத்தால். அதன் சின்னம் சிரிக்கும் கழுதைப்புலி. அந்த நிறுவனம் ஓராண்டுக் கறிச் செலவை ஏற்றுக்கொண்டு, பதிலுக்குக் கூண்டுக்குள் ஒரு கேமராவை மாட்டி இணையத்தில் நேரலையாக ஓடவிட்டது. நாணயம் வாங்கியவர்கள் ஒரு குரூப் தொடங்கி, பொழுது போகாமல் அதையே பார்த்தார்கள். ஏதோ ஒரு திங்கட்கிழமை கழுதைப்புலிகள் சாப்பிடவில்லை, அன்றைக்கு விலையும் இறங்கியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அது தின்றால் வாங்கு, தின்னாவிட்டால் விற்றுவிடு. இதை நம்பியவர்களில் கூண்டக்காவின் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் தையல்காரர், கடைக்குப் புது மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே ஹிஹியில் கொட்டியிருந்தார்.

திங்கட்கிழமை அங்கே பட்டினி நாள். காட்டில் வேளாவேளைக்கு யாரும் கறி கொண்டுவந்து வைப்பதில்லை. அதனால் கூண்டிலும் வாரத்தில் ஒரு நாள் வயிற்றைக் காயப்போடுவது அங்குள்ள வழக்கம். நிறுவனம் கேட்டதற்காகச் சில மாதம் அதை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தின் தலைவியான கிழப் பெண் கழுதைப்புலி, எல்லாரும் 'பெரியம்மா' என்று கூப்பிடுவது, கொழுத்துப்போய் முன்னங்கால் மூட்டு வீங்கி நொண்டத் தொடங்கியது. இந்த மாதத்துக்குள் ஐந்து கிலோ இறங்காவிட்டால் தனிக் கூண்டில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"வைத்தியம் நல்லதுதானேக்கா?"

"நல்லா கேட்டே போ. இதுங்க கூட்டத்துல பொம்பளை ராஜ்ஜியம். தலைவி கொஞ்ச நாள் இல்லன்னா மகளுங்க இடத்தைப் பிடிச்சுடுவாளுக. திரும்பி வந்தா இவ கடைசி ஆளு. எல்லாம் தின்னு முடிச்சப்புறம் எலும்பு பொறுக்கணும், இந்த வயசுல."

ஆகவே பட்டினி நாளை அவரே மறுபடி கொண்டுவந்தார். கண்காணிப்பாளர் வந்து, "கொஞ்சம் போட்டுட்டுப் போயேம்மா, மேலிடத்துல கேக்கறாங்க" என்றார். "எழுத்துல குடுங்க சார், போடறேன்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

நிறுவனத்தின் விளம்பரப் பையன் ஒருவன் வந்தான். "மேடம், அது சிரிக்கிற மாதிரி ஒரு வீடியோ."

"அது சிரிப்பு இல்லப்பா. பெரியவ துரத்தும்போது சின்னது பயந்து கத்துற சத்தம்."

"அப்ப சந்தோஷமா இருந்தா என்ன பண்ணும்?"

"சும்மா படுத்துக் கிடக்கும்."

"அது வீடியோவுக்கு ஆகாதே மேடம்."

அக்கா கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். பையன் கிளம்பிவிட்டான்.

இதையெல்லாம் விவரமாகக் கட்டுரையாக எழுதி, விலைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று அட்டவணை போட்டுக் காட்டியிருந்தேன். ஆசிரியர் அட்டவணையைத் தூக்கிவிட்டு, 'திங்கட்கிழமை உஷார்: பட்டினியில் ஹிஹி!' என்று தலைப்பு வைத்தார். அன்றிலிருந்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையே விற்றார்கள். ஞாயிறு விழுகிறதே என்று அடுத்த வாரம் சனிக்கிழமையே விற்றார்கள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. பெரியம்மா கேமராவுக்கு நேராக உட்கார்ந்து ஒரு முழுத் தொடை எலும்பைக் கடக் கடக்கென்று உடைத்துத் தின்றது. குரூப்பில் ஒரே கொண்டாட்டம். அன்று சாயங்காலமே ஹிஹி தரைமட்டம். நிறுவனத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை எடை பார்க்கும் நேரத்துக்கு நான் காட்சிச்சாலையில் இருந்தேன். ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "அந்தக் கம்பெனிக்காரங்களைப் பிணந்தின்னிக் கழுதைப்புலிங்கன்னு போட்டு எழுதுய்யா."

"சார், புள்ளிக் கழுதைப்புலி பெரும்பாலும் தானே வேட்டையாடித்தான் தின்னும்."

"உன்னை யாருய்யா கேட்டா?"

வைத்துவிட்டார். அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் கழுத்தில் அளவு டேப்போடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"போச்சு, எல்லாம் போச்சு! நேத்து முழுத் தொடையைத் தின்னுச்சே! கண்ணால பார்த்தேனே!"

"சத்தம் போடாதீங்க, மிரண்டுடுவா" என்ற அக்கா விசிலை ஊதினார். பெரியம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் மெல்ல நடந்து வந்து எடைப் பலகைமேல் ஏறி நின்றது. அக்கா எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்க."

"எனக்கு ஒண்ணும் பார்க்க வேணாம்."

"வாங்கன்னா வாங்க. ஆறு கிலோ இறங்கிட்டா! டாக்டர் கேட்டது அஞ்சுதான். இவளை இனி எங்கயும் மாத்த வேணாம்."

அவர் வந்தார். எண்ணைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். அது அவரைப் பார்க்கவே இல்லை.

"இதுக்காக ஒரு தையல் மெஷினையே பறிகுடுத்திருக்கேன்" என்றார்.

"மெஷினை இவளா கேட்டா? தள்ளி நில்லுங்க, இறங்கப் போறா."